மாடி வீட்டு ஜெயஷீலாவின் சிவப்பு

என் வீட்டு மாடியில் குடியிருக்கும் ஜெயஷீலாவைப் பற்றிக் கேட்டால் கோவில்பட்டியில் ஆளுக்கொன்று சொல்வார்கள். ரத்தப் பரிசோதனைக்குப் போய் வந்தவர்கள், ஊசி குத்துவதே தெரியாமல் ரத்தம் எடுக்கிற அம்மா என்பார்கள். பூக்கடைக்காரர்கள், வாடிப்போன செவ்வந்தி மாலைகளை வாங்கிப் போகிற டீச்சர் என்பார்கள். அவள் டீச்சரே இல்லை. எங்கள் தெருவில் அவளுக்குப் புழுக்கைக்காரி என்று ஒரு பெயர். அதை வைத்தவள் நான்தான். இப்போது வேறு யாராவது அப்படிச் சொன்னால் சண்டைக்குப் போவேன், அது வேறு விஷயம்.

நான் கற்பகம். வீட்டுக்காரி. வயது அறுபத்தொன்று. எனக்குக் கோபம் கொஞ்சம் கூடுதல், அதை ஒளித்து வைத்து இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

ஏழு வருஷத்துக்கு முன்னால் வீடு பார்க்க வந்தவள் இரண்டு டிரங்குப் பெட்டியோடு ஓர் அண்டாவையும் இறக்கினாள். கல்யாண வீட்டில் சாம்பார் வைக்கிற அளவு அண்டா.

"எத்தனை பேருட்டி நீங்க?" என்று கேட்டேன்.

"நான் ஒருத்திதான்க்கா."

"ஒருத்திக்கு இந்த அண்டாவா? கல்யாணம் காச்சி ஆகலையா?"

"நேரம் கிடைக்கலக்கா."

சிரிக்காமல் சொன்னாள். அப்போதே அவளுக்கு நாற்பது தாண்டிவிட்டது. நான் அடுத்த கேள்வியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அண்டாவைத் தூக்கிக்கொண்டு போய் என் வீட்டுப் பின்கட்டில், கிணற்றடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். மாடியில் அது வாசலுக்குள் நுழையாதாம். கேட்கவுமில்லை, கெஞ்சவுமில்லை. பொம்பளைக்கு அத்தனை தைரியம்.

அண்டா எதற்கென்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. அவர்கள் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்தவள், வெள்ளைச் சேலையை மாற்றி ஒரு பழைய நைட்டியைப் போட்டுக்கொண்டு, பின்கட்டில் விறகை மூட்டி, கூடை நிறைய வெங்காயச் சருகைக் கொதிக்க வைத்தாள். அதில் ஒரு முழத் துணியை முக்கினாள். சாயங்காலம் அந்தத் துணி பொன் மஞ்சளாகக் கொடியில் தொங்கியது. எதற்கு இதெல்லாம் என்று கேட்டேன். சும்மாதான் என்றாள். சும்மா ஒருத்தி ஒரு நாள் முழுக்கப் புகையில் நிற்பாளா?

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அவள் பிறந்த ஊர் புதியம்புத்தூர். அங்கே வீட்டுக்கு வீடு தையல் மிஷின் ஓடும்; அவள் தம்பி பெனோவும் ரெடிமேட் தைக்கிறவன்தான். வெட்டுத் துணிக் குவியலுக்குள் வளர்ந்தவளுக்குத் துணி புதிதில்லை. ஆனால் ஒரு தடவை லேபில் வேலை பார்க்கிறவர்களோடு கழுகுமலைக்குப் போயிருக்கிறாள். வெட்டுவான்கோயில் சிற்பங்களுக்கு முன்னால் மற்றவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது இவள் கல்லில் செதுக்கிய துணி மடிப்பையே பார்த்திருக்கிறாள். மடிப்பு அத்தனை சுத்தம். அங்கே இருந்த காவலாளியிடம் போய், "இவிய உடுத்தியிருந்த துணி என்ன கலர்ல இருந்திருக்கும்?" என்று கேட்டிருக்கிறாள். அந்த மனிதர் முப்பது வருஷமாக அங்கே இருக்கிறவராம். இப்படி ஒரு கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லையாம்.

"ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முந்தி ஒரு ஆளு சேலை கட்டியிருக்கு. அதுக்கு ஒரு கலர் இருந்திருக்கும்லா? பாக்கெட்ல சாயப்பொடி கிடையாது. அப்பம் எப்படிக்கா போட்டிருப்பாவ? அதைப் போட்டுப் பாக்காம எனக்கு இருப்புக் கொள்ளல" என்றாள்.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம். துணியோடு நின்றதா? கடுக்காயையும் துருப்பிடித்த ஆணிகளையும் சேர்த்து ஊறப்போட்டு மை காய்ச்சினாள். அந்த மையில்தான் எனக்குப் பால் கணக்குச் சீட்டு எழுதித் தருவாள். பனை ஓலையைப் பதப்படுத்தி, எழுத்தாணி செய்து வாங்கி, அதில் சங்கீதம் இருபத்து மூன்றைக் கீறினாள். முதல் ஓலையில் 'கர்த்தர்' என்று எழுதுவதற்குள் மூன்று இடத்தில் கிழிந்தது. எட்டாவது ஓலையில் முழுதாக வந்தது. கற்றாழை மடலை அடித்து நார் எடுத்துக் கயிறு திரித்தாள். அந்தக் கயிறுதான் இன்றைக்கும் என் கிணற்று வாளியில் கிடக்கிறது. டிவி பார்க்கிற நேரத்தில் தக்களி சுற்றி நூல் நூற்பாள். எதையும் விற்க மாட்டாள். யார் கேட்டாலும், "இது நான் ஆசைக்குச் செய்யுதது" என்று முடித்துவிடுவாள். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுவாள். எத்தனை கிராம், எத்தனை நிமிஷம், என்ன நிறம். லேபில் எழுதிப் பழகிய கை.

புழுக்கை விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் சாயம் போடுவதற்கு முன்னால் துணியை ஆட்டுப் புழுக்கைக் கரைசலில் ஊறவைத்து வெளுப்பார்களாம். ஒரு நாள் ஒரு சாக்குப் புழுக்கையைக் கொண்டுவந்து கரைத்து வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். மாசி வெயில். மத்தியானத்துக்குள் தெருவே மூக்கைப் பொத்தியது. நான் வாசலில் நின்று அவள் வருகிற வரைக்கும் கத்தினேன். அவள் வந்தாள், செருப்பைக் கழற்றினாள், துணியை எடுத்துப் பிழிந்து என் முகத்துக்கு நேரே விரித்தாள். மல்லிகைப் பூ வெள்ளை.

"நாத்தம் ரெண்டு நாள்ல போயிரும். வெள்ளை போகாதுக்கா" என்றாள்.

என் வீட்டுக்காரர் அப்போது உயிரோடு இருந்தார். அவர் சிரித்த சிரிப்பில் எனக்கு இன்னும் எரிச்சல் ஏறியது. மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எது செய்தாலும் பக்கத்தில் நின்று பார்ப்பார். அவளுடைய அண்டா ஆடுகிறது என்று இரும்பில் ஒரு முக்காலி அடித்துக் கொடுத்தவரும் அவர்தான். ஒரு நாள் அவளிடம், "ஷீலா, தண்ணிக்கு ஏன் மாடிக்கும் கீழுக்குமா அலையுத? இங்கன கிணறு கிடக்குல்லா, அதுல இறைச்சுக்கோ" என்றார். அவள் பதில் சொல்வதற்குள் நான் பாய்ந்தேன்: "அந்த மூதேவித் தண்ணியில முக்குனா துணி துணியாவா இருக்கும்?" அவர் உள்ளே போய்விட்டார்.

அந்தக் கிணற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஊரில் தண்ணீர் இரண்டு ஜாதி. குழாயில் நாலைந்து நாளைக்கு ஒருமுறை வருகிற ஆற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர். அதைத் தரைத்தொட்டியில் நிரப்பி மூடி போட்டு, குடிக்க, சமைக்க, சாமிக்கு வைக்க என்று சொம்புச் சொம்பாக எடுப்போம். பூமிக்குள்ளிருந்து வருவது உப்புத் தண்ணீர். அது கால் கழுவ, கக்கூஸுக்கு ஊற்ற. இதில் எந்த வீட்டிலும் மாற்றம் கிடையாது.

தொண்ணூற்று மூன்றில் நான் அடுப்படியை இடித்துக் கட்டச் சொன்னேன். என் வீட்டுக்காரர் கிணறு வெட்டினார். உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்க்கிற ஒருவரைக் கூட்டி வந்து, தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் கடப்பாரை போட்டார். மேலே கரிசல், கீழே பாறை. வெடி வைத்து வெடி வைத்து ஒரு வழியாகத் தண்ணீர் வந்தபோது தெருவே திரண்டு வந்தது. நான் சொம்போடு ஓடினேன். ஒரு வாய் குடித்தேன், அப்படியே துப்பினேன். கடல் தண்ணீர் தோற்றது. அவர் ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, "அவ்வளவு மோசமில்லட்டி" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காக இருபத்தேழு வருஷம் திட்டினேன். சோறு குழைந்தாலும் கிணறு, மழை பெய்யாவிட்டாலும் கிணறு. அவர் சிமெண்டு பூசி, ஆணியால் பெயரும் வருஷமும் கீறி வைத்திருந்த கிணற்றுத் திண்டைப் பார்த்து, "பேரு வேற" என்பேன். தெருவில் யாராவது உருப்படாத காரியம் செய்தால், சங்கரபாண்டி கிணறு வெட்டின மாதிரி என்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில், பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு பின்கட்டில் சத்தம் போடுவதற்கு எனக்கு ஷீலாதான் இருந்தாள்.

போன வருஷம் ஈஸ்டர் முடிந்த கையோடு ஒரு நாள் படியேறிப் போகிறவள் நின்று, "அக்கா, ஒரு வேலையை ஏத்துக்கிட்டு வந்துட்டேன்" என்றாள். அவர்கள் கோயிலில் பெந்தெகொஸ்தே திருநாளுக்கு ஆல்டரில், அதாவது முன்னாலிருக்கிற பீடத்தில், சிவப்புத் துணி விரிப்பார்களாம். பரிசுத்த ஆவி நெருப்பாக இறங்கின நாள், அதனால் சிவப்பு. இருக்கிற வெல்வெட்டுத் துணி வெளுத்து ரோஸாகிவிட்டது. கமிட்டிக் கூட்டத்தில், மதுரையில் புதுசு வாங்கலாம் என்று செயலர் எபநேசர் சொல்ல, இவள் எழுந்து நின்று, "நான் சாயம் போட்டுத் தாரேன்" என்றிருக்கிறாள்.

எபநேசர் ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர். லேசில் விடுகிற ஆள் இல்லை.

"ஷீலாம்மா, நற்கருணை அன்னைக்கு அதுக்கு மேல வெள்ளைத் துணி விரிப்போம். சாயம் ஒட்டிச்சுன்னா?"

"ஒட்டாது அண்ணாச்சி."

"ஒட்டிச்சுன்னா?"

"ஒட்டிச்சுன்னா அண்டாவை வித்துட்டு, ரத்தம் மட்டும் எடுத்துக்கிட்டுக் கிடக்கேன். இனிமே சாயத்தையே தொட மாட்டேன்."

அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். சிவப்பு அவளுக்கு வராது என்று எனக்குத் தெரியும். மஞ்சள் வரும், கருப்பு வரும், காக்கி வரும். ஆறு வருஷத்தில் கொடியில் ஒரு நல்ல சிவப்பு தொங்கி நான் பார்த்ததில்லை. எப்படியும் ஜூன் மாதம் என் பின்கட்டு எனக்குத் திரும்பக் கிடைக்கும்.

அவள் கலங்கவில்லை. பழைய ஆட்கள் சிவப்புக்குப் பயன்படுத்திய சாயவேரை, கடற்கரை மணலில் தோண்டி எடுக்கிற ஆளைப் பிடித்து வரவழைத்தாள். குச்சி குச்சியாக, பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத வேர். முதலில் ஒரு துண்டுத் துணியில் ஆற்றுத் தண்ணீர் ஊற்றிக் காய்ச்சிப் பார்த்தாள். செங்கல் பொடி நிறம் வந்தது. தண்ணீர் இன்னும் சுத்தமாக இருக்க வேண்டும்போல என்று சொல்லி, அடுத்த தடவை கேன் தண்ணீர் வாங்கி ஊற்றினாள்.

"துணி கூட மினரல் வாட்டர்தான் குடிக்குமோ?" என்று கேட்டேன்.

அது இன்னும் மோசம். ரோஸ் பல்பொடி நிறம். அவள் இரண்டு துண்டுகளையும் நோட்டில் ஒட்டி, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில், "வேரு பத்தல. ரெட்டிப்பாப் போடணும். ஆத்துத் தண்ணியவே வச்சுக்குவோம்" என்றாள். வேர்க்காரரிடம் மிச்சமிருந்த வேர் முழுவதையும் வாங்கிவிட்டாள். இனி அடுத்த மழைக்குப் பிறகுதான் கிடைக்கும் என்று சொல்லிவிட்டார்.

ஆல்டருக்கான துணி கைத்தறிக் காடா, நாலு மீட்டர். அதை அவள் ஒரு பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி ஒரு வாரம் பார்த்துக்கொண்டாள். வெளுத்தாள், கடுக்காயும் எருமைப் பாலும் கலந்து முக்கினாள், வெயிலில் போட்டாள், படிகாரத் தண்ணீரில் முக்கினாள், மறுபடியும் வெயில். திருநாளுக்கு முந்தின வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு, காலை ஆறு மணிக்கே கருவேல விறகை மூட்டினாள். அக்கினி வெயில். கரிசல் காட்டில் வெடிப்புக்குள் கையே நுழைந்துவிடும், அப்படி ஒரு மே மாதம்.

பதினொரு மணிக்கு உலை வைக்கத் தண்ணீர் எடுக்கலாமென்று தரைத்தொட்டி மூடியைத் திறந்தேன். தொட்டியின் அடி தெரிந்தது. படிகாரம் போக அலசுகிறேன் என்று செவ்வாய்க்கிழமை நிரப்பிய தண்ணீரை முழுக்க இறைத்துவிட்டாள். அடுத்து எப்போது வரும் என்று நகராட்சிக்கே தெரியாது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"ஏட்டி, ஒனக்கு மூளை இருக்கா? குடிக்கத் தண்ணி இல்லாமக் கிடக்கு ஊரு, நீ துணிக்கு ஊத்துதியா?"

"அக்கா, சாயங்காலம் லாரித் தண்ணிக்குச் சொல்லியிருக்கேன்."

"லாரிக்காரன் ஒன் மாமனா, சொன்ன நேரத்துக்கு வர? இந்தா பாரு. இதான் கடைசி. இந்தத் துணி தேறலைன்னா கோயில்ல ஒட்டுச்சா ஒட்டலையான்னு பாக்க வேண்டாம். நாளைக்கே அண்டா இங்கன இருக்கக் கூடாது."

"சரிக்கா. தேறலைன்னா நானே தூக்கிருதேன்."

அவள் அப்படி நிதானமாகச் சொன்னதில் எனக்கு இன்னும் ஏறியது. வீட்டுக்குள் மிச்சமிருந்த இரண்டு குடம் நல்ல தண்ணீரை அடுப்படியில் வைத்துக் கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பி வந்து மறுபடியும் ஆரம்பித்தேன். புழுக்கையிலிருந்து தொடங்கி ஆறு வருஷத்துக் கணக்கையும் கொட்டினேன். அவளும் ஒன்றுக்கு ஒன்று பதில் சொன்னாள். அரை மணி நேரம் போயிருக்கும். இரண்டு பேரும் அடுப்பைப் பார்க்கவில்லை. கருவேல விறகு சும்மா இருக்குமா?

கருகல் வாடை வந்த பிறகுதான் திரும்பினோம். அண்டாவில் பாதித் தண்ணீர் இல்லை. துணியின் ஒரு மடிப்பு மேலே எழும்பி உலர ஆரம்பித்திருந்தது. அவள் ஓடிப்போய் விறகை இழுத்தாள், குச்சியால் துணியை அமுக்கினாள். அமுங்க இடமில்லை.

"அக்கா, தண்ணி! தண்ணி தாங்கக்கா! திட்டுத் திட்டாப் போயிரும்!"

சாவி என் இடுப்பில் இருந்தது. கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அதை இன்றைக்கும் மறைக்க மாட்டேன். நான் நேரே கிணற்றடிக்குப் போனேன், அவள் திரித்த கயிற்றையே பிடித்து ஒரு வாளி இறைத்தேன்.

"அக்கா, அது வேண்டாம்! உப்புத் தண்ணி வேண்டாம்! சாமி காரியம்க்கா, காலு கழுவுத தண்ணியை..."

ஊற்றிவிட்டேன். இரண்டாவது வாளியும் ஊற்றினேன். மூன்றாவதும்.

அவள் துவைகல்லில் உட்கார்ந்துவிட்டாள். எத்தனை பேருக்கு ஊசி குத்திய கை, குச்சியைக் கீழே போட்டுவிட்டது. என்ன காரியம் செய்துவிட்டேன் பாவி, ஒரு கோபத்தில் இவளுடைய ஆறு வருஷத்தையும் அண்டாவோடு சேர்த்துக் கவிழ்த்துவிட்டேனே என்று நினைத்தேன்.

"ஏட்டி ஷீலா, என்னை நாலு வார்த்தை திட்டு."

"திட்டி என்னக்கா ஆகப் போவுது? வேரு முடிஞ்சுபோச்சு" என்றாள்.

சும்மா நிற்க முடியாமல், வேறு என்ன செய்வதென்றும் தெரியாமல், விறகைத் திரும்ப உள்ளே தள்ளிவிட்டுக் குச்சியை எடுத்துத் துணியைக் கிண்டினேன். துணியெல்லாம் கிண்டிப் பழக்கமில்லை. அல்வா கிண்டுகிற மாதிரிதான் கிண்டினேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும். தண்ணீர் கறுத்துக்கொண்டு வருகிற மாதிரி இருந்தது. குச்சியால் ஒரு முனையைத் தூக்கினேன். வெயில் பட்டது.

"ஏட்டி, இங்க வா."

"என்னக்கா?"

"வான்னு சொல்லுதேன்லா!"

வந்தாள். குச்சியைப் பிடுங்கித் துணியை இன்னும் கொஞ்சம் தூக்கினாள். மருதாணி நன்றாகப் பிடித்த உள்ளங்கை நிறத்தில் இருந்தது அது. செங்கல் இல்லை, ரோஸ் இல்லை. சிவப்பு. சொட்டுகிற சிவப்பு. அவள் அதைப் பார்த்தாள், அண்டாவைப் பார்த்தாள், காலி வாளியைப் பார்த்தாள், கிணற்றைப் பார்த்தாள். பிறகு தன் நெற்றியிலேயே படாரென்று ஒரு அடி போட்டுக்கொண்டாள்.

"அக்கா, இந்தக் கிணத்துத் தண்ணியைக் காய்ச்சுனா சட்டி அடியில வெள்ளையாப் படியும்லா?"

"ஆமா, தேச்சாலும் போகாது. அதுக்கென்ன?"

"அது சுண்ணாம்புக்கா! கால்சியம்! அதுதான் இந்த வேருல உள்ள சிவப்பைப் பிடிச்சுத் துணியில ஒட்ட வைக்குது. ஆத்துத் தண்ணியில அது கொஞ்சந்தான் இருக்கு, அதான் செங்கல் கலர். கேன் தண்ணியில சுத்தமா இல்ல, அதான் பல்பொடி. நோட்டுல நானே ஒட்டி வச்சிருக்கேன், எனக்கு உறைக்கல பாத்தீங்களா! தினமும் லேப்ல உக்காந்து ஊரான் ரத்தத்துல கால்சியம் பாக்கேன்!"

சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்கு அவள் சொன்னதில் பாதி புரியவில்லை. ஆனால் ஒன்று புரிந்தது. நல்ல துணிக்கு நல்ல தண்ணீர் என்று நாங்கள் இரண்டு பேருமே ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் இருந்திருக்கிறோம். அந்தக் கிணறு நாலடி தள்ளித்தான் கிடந்தது.

அதன் பிறகு அவள் பழைய ஷீலா. "அக்கா, இன்னும் ஆறு வாளி" என்று உத்தரவு போட்டாள். நான் இறைத்தேன். முப்பது வருஷத்தில் அந்தக் கிணற்றில் நான் ஆசையாக இறைத்தது அன்றைக்குத்தான். சாயங்காலம் வரை காய்ச்சி, ஆறவிட்டு, அலசுவதையும் அந்தத் தண்ணீரிலேயே அலசினாள். உலர்ந்து கிடந்த மடிப்பில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டு விழுந்திருந்தது. அது பின்பக்கம் மடங்குகிற இடம், போகட்டும் என்றாள். வெள்ளிக்கிழமை ஓரத்தில் ஒரு துண்டை வெட்டிச் சோப்புப் போட்டுப் பத்துத் தடவை துவைத்தாள். பத்தாவது தடவையும் சோப்பு நுரை வெள்ளையாகத்தான் வந்தது. சாயங்காலமே புதியம்புத்தூருக்குப் பஸ் ஏறி, பெனோவிடம் ஓரம் அடித்துக்கொண்டு மறுநாள் காலையில் வந்துவிட்டாள்.

சனிக்கிழமை பத்து மணிக்கு எபநேசர் வந்தார். சட்டைப் பையிலிருந்து இஸ்திரி போட்ட வெள்ளைக் கைக்குட்டையை எடுத்தார். வேண்டுமென்றே கொண்டுவந்திருக்கிறார், மனுஷன். அதைத் தண்ணீரில் நனைத்து, துணியில் மூன்று இடத்தில் அழுத்தித் தேய்த்தார். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிவிட்டுப் பார்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார். நான் மூச்சுவிடவில்லை. ஷீலா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஒட்டலையே ஷீலாம்மா. அண்டாவுக்கு நான் ஆள் பாத்து வச்சிருந்தேனே" என்றார்.

"அவியகிட்ட வேற அண்டா பாத்துக்கச் சொல்லுங்க அண்ணாச்சி."

நாளைக்கு ஆராதனையில் வாசிக்க, யார் யாருக்கு நன்றி என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார். அவள் மாடிக்குப் போய்த் தன் கடுக்காய் மையை எடுத்து வந்து எழுத உட்கார்ந்தாள். நாலு வரி எழுதியதும் என்னைப் பார்த்து, "அக்கா, வீட்டு அண்ணாச்சிக்கு இனிஷியல் என்ன?" என்றாள்.

"எதுக்குட்டி?"

"சும்மாதான்."

நான் என் வீட்டுக்காரர் பெயரைச் சொல்கிற வழக்கமில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் எழுந்துபோய்க் கிணற்றுத் திண்டில் குனிந்து பார்த்து வந்து எழுதி முடித்தாள். ஏதோ ஜெபத்தில் சேர்க்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை என்னையும் வரச் சொன்னாள். நான் அவர்கள் கோயிலுக்குள் போனதில்லை. நல்ல சேலை கட்டி, கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். முன்னால் ஆல்டரில் அந்தச் சிவப்பு விரிந்திருந்தது, அதன் மேல் வெள்ளைத் துணி. ஜன்னல் வெளிச்சம் விழுகிற இடத்தில் அது இன்னும் சிவந்தது. என் பின்கட்டில், நான் கிண்டிய துணியா இது என்று இருந்தது. ஷீலா நாலு பெஞ்சு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பாட்டு முடிந்ததும், அவர்கள் ஐயர் என்று சொல்கிற பாதிரியார் சீட்டை எடுத்து வாசித்தார்.

"இன்று ஆல்டரில் விரித்துள்ள துணிக்காக நன்றி கூறுகிறோம். சாயம், செல்வி ஜெயஷீலா. தையல், திரு. பெனோ. தண்ணீர், காலஞ்சென்ற திரு. சு. சங்கரபாண்டி அவர்கள் வெட்டிய கிணறு."

அந்தப் பெயரையும் அந்தக் கிணற்றையும் ஒன்றாகச் சொல்லி, ஒருத்தர்கூடச் சிரிக்காமல் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நூறு பேர் தலையாட்டினார்கள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவையாவது அவர் காதில் இது விழுந்திருக்கக் கூடாதா? விழ விடாமல் கத்திக்கொண்டிருந்தவள் நான்தானே? பக்கத்திலிருந்த பெண் கையைப் பிடித்துக்கொள்கிற வரைக்கும் நான் அழுதேன், வெட்கமில்லாமல்.

ஷீலா கோயிலில் காப்பி குடித்துவிட்டு வரட்டும் என்று நான் முன்னாலேயே வீட்டுக்கு நடந்துவிட்டேன். நேரே பின்கட்டுக்குப் போனேன். அண்டா முக்காலி மேல் கவிழ்ந்திருந்தது. ஒரு வாளி இறைத்துத் திண்டில் வைத்து, ஒரு கை அள்ளிக் குடித்தேன்.

அவர் சொன்னது பொய். படுமோசம்.

இன்னொரு கை அள்ளிக் குடித்தேன்.